கட்டைவிரல் சொன்ன ரகசியம்

வலிப்பு நோயின் பிறப்பிடத்தைக் கண்டறிந்த டாக்டர் ஜாக்சன்

1876-ம் ஆண்டு. லண்டன் மாநகரம்.

ஒரு டாக்டரின் வீட்டில் அவருடைய மனைவி எலிசபெத் நோயுற்றுக் கிடந்தாள். அவளுடைய மூளையில் ரத்தம் உறைந்து, ரத்தக் குழாய் அடைத்துக் கொண்டது. அதனால் அடிக்கடி வலிப்பு கண்டது. உடம்பு முழுவதையும் ஒரேயடியாக உலுக்கும் வலிப்பு அல்ல அது. உடம்பின் ஒரு பகுதியில் மட்டும் வரும் வலிப்பு.

அந்த வலிப்பைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர் யார் தெரியுமா? அந்தப் பெண்ணின் கணவரேதான்! அது எங்கே பிறக்கிறது, எப்படிப் பரவுகிறது என்பதைப் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கண்டறிந்தவர் அவர். ஆனால் மனைவியைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை.

எலிசபெத் இறந்து போனாள்.

அந்த டாக்டரின் பெயர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன். மூளை வைத்தியத்துக்கு இங்கிலாந்தில் அஸ்திவாரம் போட்டவர்களில் முதன்மையானவர்.

பேயா, பிசாசா?

காக்காய் வலிப்பு மிகப் பழைய வியாதி. அதைக் கண்டு பயப்படாத தேசம் இல்லை. நன்றாகப் பேசிக் கொண்டிருந்தவர் திடீரென்று கீழே விழுகிறார். கை கால் இழுக்கிறது. வாயில் நுரை தள்ளுகிறது. சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கி விடுகிறது. பார்ப்பவர்களுக்குப் பேய் பிடித்தது போலத்தான் தோன்றும்.

இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டு வைத்தியர்கள் இது பேயின் வேலை அல்ல, மூளையின் கோளாறு என்று எழுதி வைத்தார்கள். உலகம் அதைக் காதில் போட்டுக் கொள்ளவில்லை. நோயாளிகளை விரட்டினார்கள். தொட்டால் ஒட்டிக் கொள்ளும் என்று பயந்தார்கள். பைத்தியக்கார விடுதிகளில் அடைத்தார்கள்.

மூளையில்தான் கோளாறு என்று ஒப்புக் கொண்ட டாக்டர்களுக்கும் அது மூளையில் எந்த இடம் என்று தெரியவில்லை. மூளையின் அடியில், கழுத்துக்கு மேலே உள்ள தண்டுப் பகுதிதான் காரணம் என்று பெரும்பாலோர் நினைத்தார்கள். மேலே இருக்கும் பெரிய மூளைக்கும் கை கால் அசைவுக்கும் சம்பந்தம் இல்லை என்று அன்று கருதப்பட்டது.

இந்த எண்ணத்தை மாற்றியவர் ஜாக்சன்.

பண்ணை வீட்டுப் பையன்

இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர் என்று ஒரு மாவட்டம். அங்கே கிரீன் ஹாமர்ட்டன் என்ற கிராமத்தில் 1835-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி ஜாக்சன் பிறந்தார். தகப்பனார் சாமுவேல் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்தவர். தாயார் சாரா. அவருடைய குடும்பப் பெயர்தான் ஹியூலிங்ஸ். மகன் நடை பழகும் பருவத்திலேயே தாய் கண்ணை மூடி விட்டார். தாயின் நினைவாக அந்தப் பெயர் மட்டும் மகனோடு கடைசி வரை இருந்தது.

பள்ளிப் படிப்பு சாதாரணமானதுதான். பதினைந்தாவது வயதில் யார்க் நகரத்து டாக்டர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பிறகு அந்த ஊர் வைத்தியப் பள்ளியிலும், லண்டனில் செயின்ட் பார்த்தலோமியோ ஆஸ்பத்திரியிலும் படித்து, 1856-ல் தேறினார். அப்போது அவருக்கு வயது 21.

வைத்தியத்தை விட நினைத்தார்

சில ஆண்டுகள் யார்க்கில் வேலை பார்த்து விட்டு, 1859-ல் ஜாக்சன் மறுபடியும் லண்டனுக்கு வந்தார். வந்தவருக்கு ஒரு விபரீத ஆசை. வைத்தியத்தை விட்டு விட்டுத் தத்துவ நூல்களைப் படித்தும் எழுதியும் காலம் தள்ளலாம் என்று எண்ணினார்.

அப்போது அவரைத் தடுத்து நிறுத்தியவர் ஜோனதன் ஹட்சின்சன் என்ற டாக்டர். அவரும் யார்க்ஷயர்காரர். ஜாக்சனைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். ஆஸ்பத்திரிகளுக்குப் போய், அங்கே நடப்பதை வைத்தியப் பத்திரிகைக்கு எழுதும் வேலையைத் தேடிக் கொடுத்தார். தத்துவம் இழந்தது ஒருவரை. வைத்தியம் அடைந்தது ஒரு மேதையை!

ஆனாலும் தத்துவம் படித்த மனம் வீண் போகவில்லை. ஒன்றைப் பார்த்தால் ஏன், எப்படி என்று கேட்டுக் கொண்டே போகும் குணம் ஜாக்சனிடம் நிலைத்து விட்டது.

எட்டுப் படுக்கை ஆஸ்பத்திரி

அந்தச் சமயத்தில் லண்டனில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஜொஹானா சாண்ட்லர் என்ற பெண்ணும் அவளுடைய தங்கையும் பாட்டியிடம் வளர்ந்தவர்கள். அந்தப் பாட்டிக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானாள். பாட்டியைக் கவனித்த அந்தப் பெண்களுக்கு, கவனிக்க ஆள் இல்லாத ஏழைகளின் நினைவு வந்தது. கைவேலைப் பொருள்கள் செய்து விற்றுக் காசு சேர்த்தார்கள். சகோதரரும் துணை நின்றார். பெரிய மனிதர்களிடம் நிதி திரட்டினார்கள். 1860-ல் குவீன் சதுக்கத்தில் எட்டே படுக்கைகளுடன் ஓர் ஆஸ்பத்திரி திறந்தது. பக்கவாதத்துக்கும் வலிப்புக்கும் என்றே ஏற்பட்ட ஆஸ்பத்திரி அது.

1862-ல் அங்கே உதவி டாக்டராகச் சேர்ந்தார் ஜாக்சன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த இடத்தை விடவில்லை.

கட்டைவிரலில் தொடங்கியது

மற்ற டாக்டர்கள் வலிப்பு முடிந்த பிறகு நோயாளியைக் கவனித்தார்கள். ஜாக்சன் வலிப்பு எப்படித் தொடங்குகிறது என்று கவனித்தார். இந்தச் சின்ன வித்தியாசம்தான் அவரைப் பெரிய மனிதராக்கியது.

நோயாளியிடமும் வீட்டாரிடமும் பொறுமையாக விசாரிப்பார். முதலில் அசைந்தது எது? கையா, காலா, முகமா? வலதா, இடதா? அடுத்தது எது?

விசாரிக்க விசாரிக்க ஓர் ஒழுங்கு தெரிந்தது. சிலருக்கு வலிப்பு கட்டைவிரலில் தொடங்கும். பிறகு மற்ற விரல்கள். பிறகு மணிக்கட்டு, முழங்கை, தோள். அதன் பின் முகம், கால் என்று போகும். வேறு சிலருக்கு வாயின் ஓரத்தில் தொடங்கும். இன்னும் சிலருக்குக் கால் பெருவிரலில் தொடங்கும். எங்கே தொடங்கினாலும், பட்டாளம் அணிவகுத்துச் செல்வது போல அடுத்தடுத்த இடங்களுக்கு முறைப்படி நகரும்.

பேய் இப்படி வரிசை பார்த்து நடக்குமா?

ஜாக்சன் யோசித்தார். சரவெடியின் ஒரு முனையில் தீ வைத்தால் என்ன ஆகிறது? பக்கத்து வெடி வெடிக்கிறது; பிறகு அதற்கடுத்தது. வெடிகள் எந்த வரிசையில் கட்டப்பட்டிருக்கின்றனவோ அந்த வரிசையில் வெடிக்கின்றன. வலிப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். மூளையின் மேல் மடிப்புகளில் விரலுக்கு ஓர் இடம், கைக்கு ஓர் இடம், முகத்துக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம் என்று இருக்க வேண்டும். ஓர் இடத்தில் சக்தி திடீரென்று அளவுக்கு மீறிப் பாய்கிறது. அது பக்கத்து இடத்துக்குத் தாவுகிறது. அதுவே வலிப்பு.

கட்டைவிரலும் உதடும் பெருவிரலும் ஏன் முந்திக் கொள்கின்றன? அதற்கும் ஜாக்சன் காரணம் கண்டார். மனிதன் நுணுக்கமான வேலைகளுக்குப் பயன்படுத்தும் உறுப்புகள் அவை. ஆகவே மூளையில் அவற்றுக்கு அதிக இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

எக்ஸ்ரே கருவி வந்தது 1895-ல். ஜாக்சனுக்கு அது கிடையாது. மண்டையைத் திறக்காமலே, ஒரு கட்டைவிரலின் துடிப்பை வைத்து மூளையின் தேசப்படத்தை அவர் மனத்தில் வரைந்து விட்டார்! இறந்து போன நோயாளிகளின் மூளையைச் சோதித்தபோது, வலிப்பு கண்ட பக்கத்துக்கு எதிர்ப் பக்க மூளையில் கட்டியோ காயமோ இருந்தது.

இவற்றையெல்லாம் 1870-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 1873-ல் வலிப்பு என்பது மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் திடீரென்று அளவுக்கு மீறி ஏற்படும் சக்திப் பாய்ச்சலே என்று தெளிவாக எழுதினார்.

பெர்லினிலிருந்து சாட்சி

1870-ல் ஜெர்மனியில் பிரிட்ஷ், ஹிட்சிக் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நாயின் மூளையின் மேல்பகுதியில் மெல்லிய மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். எதிர்ப் பக்கத்துக் கால் அசைந்தது! வேறோர் இடத்தில் பாய்ச்சினால் வேறோர் உறுப்பு அசைந்தது. ஜாக்சனின் நண்பர் டேவிட் பெரியர் 1873-ல் இந்தச் சோதனைகளை இன்னும் விரிவாகச் செய்து, ஜாக்சன் சொன்னது சரி என்று காட்டினார்.

ஜாக்சன் எந்த மிருகத்தையும் அறுத்துச் சோதித்தவர் அல்ல. நோயாளியின் படுக்கையே அவருடைய சோதனைச் சாலை.

ஒரு பகுதியில் தொடங்கிப் பரவும் வலிப்புக்குப் பாரிஸ் நகரத்துப் பெரிய டாக்டர் ஷார்க்கோ, ஜாக்சன் வலிப்பு என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயர் நிலைத்து விட்டது.

மனைவியின் மரணம்

ஜாக்சன் 1865-ல் விவாகம் செய்து கொண்டார். மணப்பெண் எலிசபெத் அவருடைய உறவுக்காரப் பெண். குழந்தைகள் இல்லை. பதினொரு ஆண்டுகள் நடந்த இல்லறம் 1876-ல் முடிந்தது. கணவரின் பெயரால் வழங்கிய அந்த வலிப்பே மனைவிக்கும் வந்தது என்பது விதியின் கொடுமை.

ஜாக்சன் அதன் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். மறு விவாகம் செய்து கொள்ளவில்லை. லண்டனில் மான்செஸ்டர் சதுக்கத்து வீட்டில் தனியாகவே இருந்தார். வழக்கம் போல ஆஸ்பத்திரிக்குப் போனார். வழக்கம் போல நோயாளிகளின் விரல்களைக் கவனித்தார்.

கடிவாளம் அறுந்தால்

1884-ல் மூன்று சொற்பொழிவுகள் செய்தார். அவற்றில் அவர் சொன்ன கருத்து மிக முக்கியமானது.

மூளையும் நரம்புகளும் படிப்படியாக அமைந்தவை. கீழ்ப் படியில் உள்ளவை பழைய, எளிய வேலைகளைச் செய்கின்றன. மேல் படியில் உள்ளவை யோசனை, நிதானம் போன்ற உயர்ந்த வேலைகளைச் செய்கின்றன. மேலே உள்ளதற்கு இன்னொரு கடமையும் உண்டு. கீழே உள்ளதை அடக்கி வைக்க வேண்டும்.

குதிரை வண்டியை எண்ணிப் பாருங்கள். வண்டிக்காரன் கடிவாளத்தைப் பிடித்திருக்கும் வரை குதிரை ஒழுங்காகப் போகிறது. வண்டிக்காரன் தூங்கி விட்டால்? குதிரை தன் இஷ்டப்படி ஓடுகிறது. குதிரைக்குப் புதிய பலம் வந்து விடவில்லை. அடக்கும் கை தளர்ந்தது, அவ்வளவுதான்.

வலிப்பு அடங்கிய பிறகு சில நோயாளிகள் தம்மை அறியாமல் எழுந்து நடப்பார்கள். சட்டையைக் கழற்றுவார்கள். சிலர் பக்கத்தில் இருப்பவரை அடிக்கவும் செய்வார்கள். பிறகு கேட்டால் ஒன்றும் நினைவிராது. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. மேல் மூளை களைத்துப் போய், கடிவாளம் நழுவியதால் வந்தது அது என்று ஜாக்சன் விளக்கினார். எத்தனையோ அப்பாவிகள் மீது சுமத்தப்பட்ட பழியை இந்த விளக்கம் துடைத்தது.

கனவில் வைத்தியம் செய்த டாக்டர்

ஜாக்சனிடம் வந்த நோயாளிகளில் ஒருவர் தாமே ஒரு டாக்டர். அவருக்கு விழுந்து துடிக்கும் வலிப்பு அபூர்வம். ஆனால் சில நிமிஷங்கள் கனவு காண்பது போன்ற மயக்கம் வரும்.

ஒரு நாள் அவர் ஒரு நோயாளியின் மார்பைச் சோதிக்கத் தொடங்கினார். அப்போது மயக்கம் வந்து விட்டது. தெளிந்து பார்த்தால், அவர் மேஜை அருகே உட்கார்ந்திருக்கிறார். நோயாளியைப் படுக்கைக்கு அனுப்பியாகி விட்டது. நோயாளியின் இடது நுரையீரலின் அடியில் நிமோனியா என்று அவருடைய கையெழுத்திலேயே எழுதியும் இருக்கிறது! எழுதியது அவருக்கு நினைவே இல்லை. பிறகு மறுபடியும் சோதித்தார். எழுதியிருந்தது முற்றிலும் சரி!

1888-ல் ஜாக்சன் இந்த விவரத்தை வெளியிட்டார். அந்த டாக்டர் 1894-ல் காலமானார். மூளையைச் சோதித்தபோது, காதுக்கு உள்பக்கமாக அமைந்த ஒரு சிறு மடிப்பில் மட்டும் சிதைவு தெரிந்தது. கீழே விழாமல், துடிக்காமல் வரும் மயக்கமும் ஒரு வகை வலிப்பே என்றும், அதற்கும் மூளையில் ஓர் இடம் உண்டு என்றும் உலகம் அறிந்தது.

கத்தி வைத்த நாள்

வலிப்பு மூளையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பிறக்கிறது என்றால், அந்த இடத்தைத் திறந்து கோளாறை எடுத்து விடலாமே!

1884-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி லண்டனில் அது நடந்தது. ஓர் இளைஞருக்கு இடது பக்கத்தில் வலிப்பு. அறிகுறிகளை மட்டும் வைத்துக் கட்டி இருக்கும் இடத்தை டாக்டர் ஹியூஸ் பென்னட் குறித்துக் கொடுத்தார். டாக்டர் காட்லீ மண்டையைத் திறந்தார். ஜாக்சனும் பெரியரும் அருகே நின்றார்கள். குறித்த இடத்தில் கட்டி இருந்தது! அதை எடுத்தார்கள். ஆனால் புண்ணில் விஷக் கிருமி புகுந்து, சுமார் ஒரு மாதத்தில் அந்த இளைஞர் இறந்து போனார்.

முயற்சி நிற்கவில்லை. 1886-ம் ஆண்டு மே 25-ந் தேதி குவீன் சதுக்க ஆஸ்பத்திரியில் ஜாக்சனின் நோயாளி ஒருவருக்கு டாக்டர் விக்டர் ஹார்ஸ்லி ஆபரேஷன் செய்தார். நோயாளிக்கு வயது 22. சிறு வயதில் வண்டி மோதி மண்டை உடைந்தவர். ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டு வாரங்களுக்குள் அவருக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வலிப்புகள்! மூளையில் இருந்த பழைய வடுவை ஹார்ஸ்லி அகற்றினார். வலிப்பு நின்றது.

எலிசபெத் இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாதி நாவல் ஒரு பையில்

ஜாக்சன் கூச்ச சுபாவம் உள்ளவர். நாடகத்துக்குப் போனால் முதல் காட்சியோடு எழுந்து வந்து விடுவார். நீண்ட விருந்துகளில் உட்கார அவரால் முடியாது. நாவல் படிப்பதில் மட்டும் பிரியம் அதிகம். ரயில் நிலையத்தில் நாவல் வாங்கினால் முதலில் அட்டையைக் கிழித்து எறிவார். பிறகு புத்தகத்தை நடுவில் இரண்டாகப் பிய்த்து, கோட்டின் ஒரு பையில் பாதியும் மறு பையில் பாதியுமாகச் செருகிக் கொள்வார். பார்த்துக் கொண்டிருந்த கடைக்காரப் பையன் வாயைப் பிளப்பான்!

நூற்றுக் கணக்கில் கட்டுரைகள் எழுதினார். ஆனால் பெரிய புத்தகம் ஒன்றும் எழுதவில்லை. ஒரு கருத்தைச் சொன்னால் அதற்கு விதிவிலக்குகளையும் அடிக்குறிப்புகளையும் அடுக்கிக் கொண்டே போவார். அதனால் அவர் எழுத்தைப் படிப்பது கஷ்டம். அவர் இறந்து இருபது ஆண்டுகள் சென்ற பிறகு, 1931, 1932-ம் ஆண்டுகளில்தான் அவருடைய முக்கியக் கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன.

முதுமையில் காது மந்தமாயிற்று. தலைசுற்றல் தொல்லை கொடுத்தது. 1911-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி, 76-வது வயதில், நிமோனியா கண்டு காலமானார். லண்டன் ஹைகேட் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

கடிவாளம் அகப்பட்டது

ஜாக்சன் மறைந்த மறு ஆண்டிலேயே, 1912-ல், பினோபார்பிட்டல் என்ற மருந்து வலிப்பைக் கட்டுப்படுத்துவதை ஜெர்மன் டாக்டர் ஹாப்ட்மன் கண்டார். 1929-ல் ஹான்ஸ் பெர்கர் என்ற மற்றொரு ஜெர்மன் டாக்டர், மனித மூளையின் மின்சார அலைகளைக் காகிதத்தில் பதிவு செய்யும் முறையை வெளியிட்டார். ஜாக்சன் மனக்கண்ணால் கண்ட சக்திப் பாய்ச்சலைப் பிறகு எல்லோரும் கண்ணாலேயே கண்டார்கள்.

1950-ல் மூளையில் காபா என்ற பொருள் இருப்பது தெரிய வந்தது. மூளையில் இரண்டு வகை அணுக்கள் உண்டு. ஒரு வகை, அடுத்த அணுவைத் தூண்டும். மற்றொரு வகை, அடுத்த அணுவை அடக்கும். மேல் மூளையில் ஐந்தில் ஒரு பங்கு அளவே உள்ள இந்த அடக்கும் அணுக்கள் காபாவைச் சுரந்துதான் மற்றவற்றைக் கட்டுக்குள் வைக்கின்றன. இந்த அடக்கும் வேலை குறைந்தால் வலிப்பு எழும். பினோபார்பிட்டல் வேலை செய்வதும் காபாவுக்குப் பலம் கொடுத்துத்தான். ஜாக்சன் பேசியது படிப்படியான மூளையைப் பற்றி. இவை கண்ணுக்குத் தெரியாத சிறு அணுக்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் மூளைக்குத் தூண்டுதல் மட்டும் போதாது, கடிவாளமும் வேண்டும் என்ற உண்மை இரண்டிலும் ஒன்றே.

இரும்பு வேண்டாம்

உலகத்தில் சுமார் ஐந்து கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. தக்க மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால், நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக் கொத்தையோ இரும்பையோ திணிப்பது நம் ஊர் வழக்கம். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரண்டு நிமிஷங்களில் தாமாகவே அடங்கும். பெயர் மட்டும் இரும்புக்கு!

செய்ய வேண்டியது வேறு. பக்கத்தில் உள்ள கல், கூர்மையான சாமான்களை அகற்றுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். துடிப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அடிக்கடி வலிப்பு வருகிறவர்களின் கலியாணத்துக்கு இந்து திருமணச் சட்டத்திலேயே ஒரு தடை இருந்தது. 1976-ல் சேர்க்கப்பட்ட அந்தத் தடை 1999-ல் நீக்கப்பட்டது. சட்டம் மாறி விட்டது. வீடுகளிலும் மனம் மாற வேண்டும்.

வலிப்பு கண்டவரைப் பார்த்து ஊரெல்லாம் விலகி ஓடிய காலத்தில், ஒருவர் மட்டும் அருகே வந்து உட்கார்ந்தார். முதலில் அசைந்த விரல் எது என்று கேட்டார். தம் மனைவியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவர் கேட்ட அந்தக் கேள்வி, முகம் தெரியாத எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது.